வெளிநாட்டில் இருக்கும்போது கலவரம் வெடித்தால்: அறைக்குள் இருப்பதா, கிளம்பிவிடுவதா?

அகல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு விரைவில் வெளிநாடு செல்லவிருக்கிறேன். நாங்கள் போகும் காலத்தில் அந்த நாட்டில் தேர்தல் முடிவுகள் வெளிவர இருக்கின்றன. 2024 ஜூலையில் வங்காளதேசத்திலும், 2025 செப்டம்பரில் நேபாளத்திலும் ஓரிரு நாள்களுக்குள் நிலைமை தலைகீழாக மாறியதைச் செய்திகளில் பார்த்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. பயணத்தைக் கைவிடும் எண்ணம் இல்லை. ஆனால் ஏதாவது நடந்தால் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

எந்த அரசின் பயண அறிவுரையைப் படித்தாலும் "கூட்டங்களைத் தவிர்க்கவும், உள்ளூர்ச் செய்திகளைக் கவனிக்கவும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது சரிதான், ஆனால் போதவில்லை. தெருவில் சத்தம் கேட்கும்போது விடுதி அறையிலேயே இருப்பதா, கிடைக்கும் வண்டியில் ஏறி விமான நிலையத்துக்குப் போய்விடுவதா? இதற்குத் தெளிவான விடை உண்டா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

நெய்தல்

நல்ல கேள்வி, அதுவும் கிளம்புவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். என் விடை நேரடியானது: உடன் முதியவர்கள் இருக்கும்போது, பெரும்பாலான சூழல்களில் முதல் ஒரு நாளாவது உள்ளேயே இருங்கள்.

கலவரத்தில் சிக்கி அடிபடும் பயணிகளில் பலர், அது எங்கே நடக்கிறது என்று தெரியாமல் தெருவில் இருந்தவர்கள். தொடக்க மணி நேரங்களில் எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது, எந்தச் சந்திப்பில் காவல்துறை நிற்கிறது, எங்கே கூட்டம் திரள்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. மொழியும் வழியும் தெரியாத நாம் அந்த நேரத்தில் வண்டி பிடித்துக் கிளம்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். ஒரு பகல், ஓர் இரவு கடந்தால் நிலைமைக்கு ஓர் ஒழுங்கு தெரியவரும். ஊரடங்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எப்போது தளர்த்துகிறார்கள், எந்தப் பகுதி அமைதியாக இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவுதான் உண்மையில் முடிவு.

உள்ளே இருப்பது என்றால் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பது அன்று. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், விளக்கைக் குறையுங்கள், கட்டிலைக் கண்ணாடியிலிருந்து தள்ளிப் போடுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால், சன்னல் இல்லாத குளியலறையோ கட்டடத்துக்குள்ளே இருக்கும் நடைக்கூடமோ நல்ல இடம். அறை கேட்கும்போதே தெருவைப் பார்க்காத பக்கத்தில் கேளுங்கள். தரைத்தளம் வேண்டாம், ஏனெனில் கல்லும் ஆளும் எளிதில் உள்ளே வர முடியும். மிக உயரமான தளமும் வேண்டாம், ஏனெனில் தீப்பற்றினால் தீயணைப்பு ஏணி எட்டாது, மின்தூக்கியும் நின்றுவிடும். உங்கள் பெற்றோரால் படியில் இறங்க முடிகிற உயரமே உங்களுக்குச் சரியான தளம்.

மலைவழி

நெய்தல் சொல்வதன் அடிப்படையை ஏற்கிறேன், ஆனால் "முதல் ஒரு நாள் உள்ளே" என்பதை விதியாகக் கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

2025 செப்டம்பர் 9 அன்று காட்மண்டுவில் நாடாளுமன்றமும் அரசின் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்த அதே நாளில் ஹில்டன் விடுதியும் தீக்கிரையானது. முந்தைய நாள் போராட்டத்தில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கோபம் அடுத்த நாள் எங்கெங்கோ பாய்ந்தது. "விடுதிதான் பாதுகாப்பு" என்று நம்பி உள்ளே இருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப வேண்டியதாயிற்று. அன்றே திரிபுவன் விமான நிலையமும் மூடப்பட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 மே மாதம் பசிபிக் தீவான, பிரான்சின் ஆட்சிப்பகுதியான நியூ கலிடோனியாவில் கலவரம் தொடங்கிய மறுநாளே பன்னாட்டு விமான நிலையம் மூடப்பட்டது. அந்த விமான நிலையம் தலைநகர் நூமெயாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, இடையில் சாலை முழுவதும் தடுப்பரண்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு வாரம் கழித்து, நகருக்குள் இருக்கும் மஜெந்தா என்ற சிறிய விமானத் தளத்தின் வழியாகத்தான் தங்கள் மக்களை அழைத்துப் போகத் தொடங்கின. வணிக விமானங்கள் மீண்டும் பறக்க ஜூன் நடுப்பகுதி ஆயிற்று. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்குக் காத்திருப்பு வாரக்கணக்கில் நீண்டது.

ஆகவே நான் சொல்வது இது: போவதா இருப்பதா என்ற முடிவைச் சத்தம் கேட்ட பிறகு எடுக்கவே கூடாது. சத்தம் கேட்பதற்கு முன்பு, அதாவது "இன்று இணையம் மெதுவாக இருக்கிறது", "நாளை பொது வேலைநிறுத்தமாம்", "அந்தத் தீர்ப்பு வெள்ளிக்கிழமை வருகிறதாம்" என்று காதில் விழும் கட்டத்தில்தான் கிளம்ப வேண்டும். அப்போது விமானம் பறக்கும், வண்டி கிடைக்கும், சாலை திறந்திருக்கும். சந்தேகத்தின் பேரில் ஓரிரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்தவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நெய்தல்

மலைவழி அவர்களே, முன்னதாகவே கிளம்புவதை நான் மறுக்கவில்லை. முடிந்தால் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. நான் பேசுவது அந்த வாய்ப்பு நழுவிய பிறகு உள்ள நிலையைப் பற்றி.

அந்த நிலையில் அவசரப்பட்டு விமான நிலையத்துக்கு ஓடுவதன் விளைவையும் எண்ணிப் பாருங்கள். 2019 அக்டோபரில் சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய போராட்டம் ஓரிரு நாளில் நெருக்கடி நிலையாகவும் இரவு ஊரடங்காகவும் மாறியபோது, விமானங்கள் ரத்தாகி, பயணிகள் விமான நிலையத் தரையிலேயே உறங்கினார்கள். 2008 நவம்பர் இறுதியில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தையே போராட்டக்காரர்கள் கைப்பற்றி ஒரு வாரத்துக்கும் மேலாக முடக்கினார்கள். 2022 ஜனவரி 5 அன்று கசகஸ்தானின் அல்மாட்டி விமான நிலையத்துக்குள் கூட்டம் புகுந்தது. விமான நிலையம் என்பது போராட்டக்காரர்களின் கண்ணில் அரசின் முகம். அதையே அடைக்கலமாக நம்புவதில் ஆபத்து உண்டு.

மீட்பு நடக்கும் இடமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்தபோது, காபூல் விமான நிலைய வாயில்களில் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். 25ஆம் தேதி அமெரிக்கத் தூதரகம் ஆபி வாயில் உட்பட மூன்று வாயில்களைக் குறிப்பிட்டு, அங்கே நிற்பவர்கள் உடனே விலகிச் செல்ல வேண்டும் என்று எச்சரித்தது. மறுநாள் ஆபி வாயிலில் குண்டு வெடித்தது. போர்ச்சூழலும் தெருக் கலவரமும் ஒன்றல்ல என்பது தெரியும்; ஆனால் "எல்லாரும் போகிறார்கள், நாமும் போவோம்" என்ற உந்துதல் இரண்டிலும் ஒன்றுதான்.

அகல்விளக்கு

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் இருவரும் வேறுபடும் இடம் சிறியது என்று எனக்குப் படுகிறது: முன்கூட்டியே கிளம்ப முடிந்தால் கிளம்பு, முடியாவிட்டால், தங்கியிருக்கும் கட்டடம் தாக்கப்படும் வகையைச் சேர்ந்ததா என்று பார்த்து முடிவு செய். அந்த இரண்டாவதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அறை பதிவு செய்யும்போதே பார்க்கக்கூடிய ஒன்றா?

மலைவழி

பார்க்கலாம், பார்க்க வேண்டும். வரைபடத்தைத் திறந்து விடுதியைச் சுற்றி நடந்து போகக்கூடிய தொலைவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நாடாளுமன்றம், அதிபர் மாளிகை, உச்ச நீதிமன்றம், காவல்துறைத் தலைமையகம், ஆளும் கட்சி அலுவலகம், அரசுத் தொலைக்காட்சி, பெரிய சதுக்கம், பல்கலைக்கழக வாசல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்திலிருந்தால் வேறு விடுதி தேடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வசதியான நகர மையம் என்பது பெரும்பாலும் போராட்டத்துக்கும் மையம். கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தைச் சுற்றி எத்தனை விடுதிகள் இருந்தன என்பதை 2011இல் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அடுத்தது, விடுதி யாருக்குச் சொந்தம் என்பது. அரசியல் செல்வாக்குள்ள குடும்பங்களுக்கோ ஆளுங்கட்சிப் பெரும்புள்ளிகளுக்கோ தொடர்புடையது என்று ஊரில் பேசப்படும் ஆடம்பர விடுதிகள் கோபத்தின் இலக்காகின்றன. பளபளப்பான கண்ணாடி முகப்புள்ள பெரிய விடுதியைவிட, குடியிருப்புப் பகுதியில் உள்ள நடுத்தர விடுதி அத்தகைய நாள்களில் பாதுகாப்பானது. இதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நல்ல பெயருள்ள விடுதி என்றால் நல்ல பாதுகாப்பு" என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருட்டு பயத்துக்கு அது பொருந்தலாம். கும்பல் கோபத்துக்குப் பொருந்தாது.

மூன்றாவதாக, போய்ச் சேரும் ஊருக்கு எத்தனை வழிகள் உள்ளன என்று பாருங்கள். பெரு நாட்டில் மாச்சு பிச்சு மலைக்கோட்டையின் அடிவாரத்திலுள்ள அகுவாஸ் காலியந்தேஸ் சிற்றூருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது, தொடர்வண்டி மட்டுந்தான். 2022 டிசம்பரில் பெருவின் அதிபர் பதவி நீக்கப்பட்டதும் போராட்டம் மூண்டு, தொடர்வண்டி நின்றது. ஏறத்தாழ 300 சுற்றுலாப் பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். சிலர் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து வெளியேறினார்கள். அவர்கள் தாக்கப்படவில்லை, அவர்கள் மேல் யாருக்கும் கோபமும் இல்லை. வழி அடைபட்டது, அவ்வளவுதான். முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் அந்தத் தண்டவாளத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அரசியல் பதற்றம் உள்ள பருவத்தில் ஒற்றை வழி ஊர்களைப் பயணத் திட்டத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசி நாள்களில் வைக்காதீர்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் விமான நிலையம் உள்ள நகரத்திலேயே இருப்பது நல்லது.

சாளரம்

இருவரும் இடத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் தகவல் தொடர்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இப்போதெல்லாம் கலவரத்தோடு இணையத் துண்டிப்பும் சேர்ந்தே வருகிறது.

எகிப்தில் 2011 ஜனவரியில் நாட்டின் இணையம் ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்தப்பட்டது. ஈரானில் 2019 நவம்பரிலும் கசகஸ்தானில் 2022 ஜனவரியிலும் அதுவே நடந்தது. வங்காளதேசத்தில் 2024 ஜூலை 18 அன்று இணையம் போனது. அகலப்பட்டைச் சேவை சில நாளில் பகுதியாகத் திரும்பியது, கைப்பேசி இணையம் திரும்ப 28ஆம் தேதி ஆனது. அந்த நாள்களில் அங்கிருந்த வெளிநாட்டு மாணவர்களின் பெற்றோர் பட்ட வேதனையைச் சொல்லி மாளாது.

இணையம் போனால் வாட்ஸ்அப் மட்டும் போகாது. வரைபடம் போகும், வாடகை வண்டிச் செயலி போகும், விமானச் சீட்டைத் திறக்க முடியாது, மொழிபெயர்ப்புச் செயலி வேலை செய்யாது, கடையில் அட்டை செல்லாது, ஏடிஎம்மில் பணம் வராது. கசகஸ்தானில் அந்த நாள்களில் ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் ரொட்டி வாங்க முடிந்தது. எனவே, கிளம்பும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தூதரகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும், விடுதியின் பெயரும் முகவரியும் அந்த நாட்டு எழுத்தில், வீட்டிலுள்ள ஒருவரின் எண், விமான முன்பதிவு எண், கடவுச்சீட்டு எண், காப்பீட்டு ஆவண எண் ஆகியவை ஒரே தாளில், மூன்று பேரின் சட்டைப்பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். கைப்பேசி பறிபோனால் சொந்த மகனின் எண்ணைக்கூட நினைவிலிருந்து சொல்ல முடியாத காலம் இது.

ரொக்கத்தை உள்ளூர்ப் பணமாகவும் டாலராகவும் பிரித்து வையுங்கள். சில நாள் உணவுக்கும் எல்லை வரை ஒரு வண்டிக்கும் போதும் அளவு இருக்கட்டும். நகரத்தின் வரைபடத்தை இணையமின்றித் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் சிம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தரவு இணைப்பு நின்ற பிறகும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் சில இடங்களில் இயங்கும். விடுதி வரவேற்பறையிலுள்ள கம்பிவழித் தொலைபேசியை மறந்துவிடாதீர்கள். ஐபோன் 14 முதலான கைப்பேசிகளில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் எல்லா நாடுகளிலும் இல்லை. தனிச் செயற்கைக்கோள் தொலைபேசியை யாராவது வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியா உட்பட வெவ்வேறு நாடுகளில் குற்றம், பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

வெண்முகில்

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியாற்றும் செவிலி என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, கண்ணீர்ப் புகை. அது தெருவில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, திறந்த சன்னல் வழியாக அறைக்குள் இருப்பவர்களுக்கும் வரும். உள்ளே இருந்தால் சன்னலை அடைத்து, வெளிக்காற்றை இழுக்கும் குளிரூட்டியை நிறுத்துங்கள். வெளியே இருந்தால் காற்று வீசிவரும் திசையை நோக்கி, புகையிலிருந்து விலகி, மேடான இடத்துக்குச் செல்லுங்கள். அது காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும். கண்ணைக் கசக்காதீர்கள். நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் உடனே எடுத்து எறிந்துவிடுங்கள், மீண்டும் அணியக்கூடாது. பதற்றமான ஊரில் மூக்குக்கண்ணாடிதான் சரி. புகை பட்ட உடையைத் தலைவழியாகக் கழற்றினால் முகத்தில் மறுபடியும் படும், ஆகவே பொத்தான் இல்லாத சட்டையாக இருந்தால் கத்தரித்தே எடுங்கள். நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். பின்பு சோப்பும் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் என்று இணையத்தில் சொல்வதையெல்லாம் கண்ணில் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இது வெறும் எரிச்சலோடு நிற்காது. மூச்சிழுப்பான் பெட்டியில் இருந்தால் பயனில்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் பெற்றோரின் அன்றாட மருந்துகள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து போன்றவற்றைப் பயண நாள்களுக்கு மேல் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் வணிகப் பெயர் அந்த நாட்டு மருந்தாளுநருக்குத் தெரியாது, எனவே மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு வேண்டும். ஊரடங்கு நாளில் மருந்துக் கடை திறப்பது உறுதியில்லை. உக்ரைனின் கார்கிவ் நகரில் 2022 மார்ச் 1 அன்று உணவுப்பொருள் வாங்க வெளியே சென்ற இந்திய மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, யார் பயணம் போனாலும் "ஒரு வாரத்துக்கு எதற்காகவும் கடைக்குப் போக வேண்டாதபடி எடுத்துச் செல்லுங்கள்" என்று சொல்லிவருகிறேன்.

ஆழிமுத்து

தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் நம்மவர்களுக்குத் தெளிவு குறைவு. பணி ஓய்வுக்கு முன்பு துணைத் தூதரகப் பணிகளோடு தொடர்பு இருந்ததால் எழுதுகிறேன்.

தூதரகம் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால், நீங்கள் அந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பல நாடுகள் இதற்கெனப் பதிவு வசதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டெப், சிங்கப்பூரில் இ-ரெஜிஸ்டர் என்பன அவை. கனடாவும் இந்தியாவும் இணையவழிப் பதிவை ஏற்கின்றன. பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் செய்வதில்லை. நெருக்கடி வந்த பிறகு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அழைக்கும்போது தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

மீட்பு விமானம் என்பது உரிமை அன்று. சில அரசுகள் இலவசமாக அழைத்து வருகின்றன, சில அரசுகள் பிறகு பணம் கேட்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி வெளியேற்ற உதவி பெறுபவர், செலவைத் திருப்பித் தருவதாக டிஎஸ்-5528 என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். மீட்டு அழைத்துப் போகும் இடம் சொந்த நாடாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை மூண்டபோது தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையம் முதல் நாளிலேயே மூடப்பட்டது. பலர் சாலை வழியாக ஏறத்தாழ 850 கிலோமீட்டர் பயணம் செய்து போர்ட் சூடானை அடைந்து, அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஜித்தாவுக்குப் போனார்கள். இந்தியாவின் மீட்பு நடவடிக்கையான ஆபரேஷன் காவேரியும் அந்த வழியையே பெரிதும் நம்பியது.

அதே சூடானில் நடந்த இன்னொன்றை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். விசா கேட்டு மேற்கத்தியத் தூதரகங்களில் கடவுச்சீட்டைக் கொடுத்திருந்த உள்ளூர் மக்கள், அந்தத் தூதரகங்கள் காலிசெய்யப்பட்டபோது கடவுச்சீட்டு உள்ளே மாட்டிக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் தவித்தார்கள். பதற்றம் நிலவும் நாட்டில் இருந்துகொண்டு அடுத்த நாட்டின் விசாவுக்காகக் கடவுச்சீட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். விடுதி வரவேற்பறையிலும் ஒப்படைத்து வைக்க வேண்டாம். பார்த்துப் பதிவு செய்துகொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கைது செய்யப்பட்டால், 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உண்டு என்பதைக் காவலர்கள் உங்களிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். நீங்கள் கேட்டால் தகவலும் அனுப்ப வேண்டும். ஆகவே, கேளுங்கள். தூதரக அதிகாரி வந்து பார்ப்பார், வழக்கறிஞர் பட்டியல் தருவார், வீட்டுக்குச் சொல்வார். உங்களை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, ஒருவர் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருந்தால், அவற்றில் ஒரு நாட்டுக்கு எதிராக மற்றொரு நாடு அவருக்குத் தூதரகப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்கிறது. புலம்பெயர்ந்து வேறு நாட்டுக் கடவுச்சீட்டுப் பெற்ற பிறகும் பிறந்த நாட்டின் குடியுரிமையை விடாமல் வைத்திருப்பவர்கள், அந்த நாட்டுக்குப் போகும்போது புதிய கடவுச்சீட்டு தங்களைக் காக்கும் என்று எண்ணிக்கொண்டு போகக்கூடாது.

தென்காற்று

காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் போர், உள்நாட்டுக் கலவரம் ஆகியவை விலக்குப் பட்டியலில் இருப்பது வழக்கம். வாங்கும் முன் அந்தப் பகுதியைப் படியுங்கள். கலவரம் செய்தியில் வந்த பிறகு வாங்கிய காப்பீடு அந்தக் கலவரத்துக்குச் செல்லாது, அறியப்பட்ட நிகழ்வு என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் அரசு "செல்ல வேண்டாம்" என்று அறிவித்த நாட்டுக்குப் போனால் மருத்துவச் செலவுகூடக் கிடைக்காமல் போகலாம்.

விமானம் ரத்தானால், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு 261/2004 ஒழுங்குமுறைப்படி இழப்பீடு கிடைக்காது, ஏனெனில் அரசியல் குழப்பம் அசாதாரணச் சூழல் ஆகும். ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்று விமானம், காத்திருக்கும்போது உணவு, தங்குமிடம் ஆகியவை அப்போதும் விமான நிறுவனத்தின் பொறுப்புதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருதநிலம்

பல ஆண்டுகள் உதவி அமைப்புகளின் வண்டிகளில் பயணம் செய்தவன். சோதனைச் சாவடி பற்றி ஒரு சொல்.

தொலைவில் தடுப்பைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடக்கூடாது. அது சந்தேகத்தைக் கிளப்பும். வேகத்தைக் குறைத்து, இரவானால் வண்டியின் உள்விளக்கைப் போட்டு, சன்னல் கண்ணாடியை இறக்கி, கைகள் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கைப்பேசி கையில் இருக்கக்கூடாது. காவலர்கள் அதை எடுத்துப் பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். ஊர்வலத்தையோ இராணுவ வண்டியையோ படம் எடுத்திருந்தால் அதுவே விசாரணைக்குப் போதும். எனவே எடுக்கவே எடுக்காதீர்கள். உறவினர் குழுவுக்கு அனுப்பும் ஆசையில் எடுத்த அரை நிமிடக் காணொலிக்காக ஒரு குடும்பமே மணிக்கணக்கில் சாலையோரம் நிறுத்தப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் பேசட்டும், நீங்கள் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள், எந்தத் தரப்பைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள்.

ஊரடங்கு நேரத்தில் விமான நிலையம் போக வேண்டியிருந்தால், பல நாடுகளில் கடவுச்சீட்டும் அன்றைய விமானச் சீட்டும் அனுமதிச் சீட்டாக ஏற்கப்படுகின்றன. 2022இல் இலங்கையிலும், 2025இல் நேபாளத்திலும் அப்படியே நடந்தது. ஆகவே சீட்டை அச்சிட்டு வைத்திருங்கள். தனியாகப் போவதைவிட, அதே விடுதியிலுள்ள மற்றப் பயணிகளோடு பகல் வெளிச்சத்தில், விடுதி ஏற்பாடு செய்யும் வண்டியில் போங்கள்.

கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால், எதிர்த்து நடக்காதீர்கள், நின்றுவிடவும் வேண்டாம். கூட்டம் போகும் திசையிலேயே நடந்து, குறுக்குச்சாய்வாக ஓரத்துக்கு நகர்ந்து, முதல் சந்தில் விலகிவிடுங்கள். முதியவரை நடுவில் விட்டு இருபுறமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அகல்விளக்கு

உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன். நகர மையத்தில் பதிவு செய்திருந்த விடுதியை இன்று மாற்றிவிட்டேன். பழைய விடுதி நாடாளுமன்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. தேர்தல் முடிவு வரும் நாளுக்கு முந்தைய நாளே ஊர் திரும்பும்படி விமானத்தையும் மாற்றக் கேட்டிருக்கிறேன். தூதரகப் பதிவையும் முடித்தாயிற்று.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வீட்டில் என் தம்பி இருக்கிறான். எங்களிடமிருந்து தகவல் வராமல் போனால் அவன் பதறி ஏதேதோ செய்துவிடுவான். அவனிடம் என்ன சொல்லி வைப்பது?

ஆழிமுத்து

தம்பியிடம் உங்கள் மூவரின் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, காப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்துவிடுங்கள். எந்த நாளில் எந்த ஊரில், எந்த விடுதியில் என்பதும் எழுத்தில் அவரிடம் இருக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு யாரை அழைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இணையம் துண்டிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் அந்த நேர வரம்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனெனில் அப்போது மௌனம் இயல்பானது. முதலில் விடுதியின் கம்பிவழி எண், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் அவசரக் கட்டுப்பாட்டு அறை என்ற வரிசையில் அவர் அழைக்கட்டும்.

அவர் ஒருவரே எல்லா உறவினர்களுக்கும் தகவல் சொல்லட்டும். இருபது பேர் மாறி மாறி உங்களை அழைத்தால் மின்கலம் தீர்ந்துவிடும். நீங்கள் எங்கே ஒளிந்திருக்கிறீர்கள் என்பதை உதவி கேட்கும் ஆர்வத்தில் யாரும் சமூக ஊடகத்தில் எழுதக்கூடாது என்பதையும் குடும்பத்தில் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

நெய்தல்

ஆழிமுத்து ஐயா சொன்னதோடு ஒன்று. மீட்பு அறிவிப்புகள் திடீரென்று, குறுகிய கெடுவோடு வரும். 2022 மார்ச் 2 அன்று கார்கிவிலிருந்த இந்தியர்கள் அன்று மாலை 6 மணிக்குள் பெசோசின், பபாயே, பெஸ்லியுடோவ்கா ஆகிய இடங்களுக்கு, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது, போய்ச் சேர வேண்டும் என்று தூதரகம் அறிவித்தது. இணையம் இல்லாத உங்களுக்கு அத்தகைய அறிவிப்பைக் குறுஞ்செய்தியில் ஊர்ப்பெயர், நேரம் ஆகிய இரண்டை மட்டும் எழுதி அனுப்பக்கூடியவர் உங்கள் தம்பிதான். ஆகவே தூதரகத்தின் எக்ஸ், முகநூல் பக்கங்களை இப்போதே அவர் பின்தொடரட்டும். வருகிற செய்தி அந்தப் பக்கத்திலிருந்து வந்ததா, யாரோ பரப்பியதா என்று பார்த்த பிறகே உங்களுக்கு அனுப்பட்டும்.